குமரியில் இன்னொரு பவுண்டரியை விலைக்கு வாங்கிச் சேர்ப்பது எப்படி

நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன பவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் பட்டறை, விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோ இண்டக்ஷன் ஃபர்னஸ் (மின்சார உருக்கு உலை) ஒன்று, சாண்ட் மில் (மணல் கலக்கும் மெஷின்) ஒன்று, 22 ஆட்கள். உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். மாதம் 30 டன் நல்ல வார்ப்பு போகிறது என்கிறார். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பவுண்டரி ஓடுகிறது. இதை வாங்கிச் சேர்க்கலாமா, எவ்வளவுக்கு, எப்படி? இந்த ஒரே உதாரணத்தை வைத்துக் கடைசி வரை பார்ப்போம்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் ஃபர்னஸைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். ஃபர்னஸ் பணம் கொடுத்தால் புதிதாகவே வரும். கஸ்டமர் ஏற்றுக்கொண்ட பேட்டர்ன் (மணலில் அச்சு பதிக்கும் மாதிரி), அதை ஊற்றத் தெரிந்த கை, ஓடிக்கொண்டிருக்கும் மின் இணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு, இந்த நான்கும் அப்படி வராது. விலை இவற்றுக்குத்தான்.

எதற்காக வாங்குகிறோம்

பெரிய கம்பெனிகளைக் கவனியுங்கள். 2022-ல் பாரத் ஃபோர்ஜ் தன் துணை நிறுவனம் வழியாகக் கோயம்புத்தூரின் ஜே.எஸ். ஆட்டோகாஸ்ட் பவுண்டரியை வாங்கியது. ஃபோர்ஜிங் (இரும்பை அடித்து உருவாக்குவது) செய்துவந்த குழுமத்துக்கு எஸ்.ஜி. அயர்ன் (எளிதில் உடையாத வகை வார்ப்பிரும்பு) வார்ப்பு கையில் வந்தது. அதே ஆண்டில் பிக் அயர்னும் (உருக்கி வார்ப்பதற்கான கட்டி இரும்பு) வார்ப்பும் செய்யும் கிர்லோஸ்கர் ஃபெரஸ், தையலில்லாக் குழாய் தயாரிக்கும் ஐ.எஸ்.எம்.டி.யின் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. இரண்டிலுமே தன்னிடம் இல்லாத ஒன்றைத்தான் வாங்கினார்கள்.

நம் மாவட்டத்திலும் கணக்கு அதுதான். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு வார்ப்பிரும்பு ரோலர் வேண்டும். குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் படகுக்கு வெண்கலப் புரொப்பல்லரும் புஷ்ஷும் வேண்டும். நீங்கள் இரும்பு ஊற்றுகிறவர், விலைக்கு வருவது வெண்கலப் பவுண்டரி என்றால் வாங்க நல்ல காரணம் இருக்கிறது. கஸ்டமரும் வேறு, சீசனும் வேறு. இரண்டும் ஒரே ரோலரை ஊற்றுகிற இரும்புப் பவுண்டரிகள் என்றால், நீங்கள் வாங்குவது போட்டி குறைவதை மட்டும்தான். அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள். அந்தப் போட்டியை வேறொருவர் நாளையே தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இரும்பையும் வெண்கலத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து செலவைக் குறைக்கலாம் என்று தோன்றும். ஸ்கிராப் யார்டு இரண்டாக, நடுவில் சுவர் எழுப்பி இருக்க வேண்டும். புஷ் ஊற்றும் எல்.டி.பி. 2 கலவையில் சுமார் 5 சதவீதம் ஈயம் உண்டு. அதில் ஒரு சிட்டிகை கிரே அயர்ன் (சாதாரண வார்ப்பிரும்பு) ஹீட்டில், அதாவது ஒரு தடவை உருக்கும் இரும்பில், விழுந்தாலும் கிராஃபைட் உருக்குலைந்து வார்ப்பின் பலம் போய்விடும். அலுமினியத் துண்டு விழுந்தால் பின்ஹோல் (ஊசித்துளை) வரும். இந்தப் பக்கம் இரும்புத் துருவல் வெண்கலத்தில் கலந்தால் லேத்தில் டூலை உடைக்கும் கெட்டிப்புள்ளிகள் கிடைக்கும். மணலும் தனித்தனி. வெண்கலத்துக்கு நைஸான மணல் வேண்டும், இரும்புக்கு அது காற்றை விடாது.

கரண்ட் பில்லை வைத்து உற்பத்தியைக் கணக்கிடுங்கள்

பேலன்ஸ் ஷீட்டைத் திறக்கும் முன் 24 மாத கரண்ட் பில்லை வாங்குங்கள். நம் உதாரணத்தில் மாதம் 36,000 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைப்போம். கம்ப்ரஸர், சாண்ட் மில், கிரைண்டிங், விளக்கு எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் கழித்தால் ஃபர்னஸுக்குப் போனது 28,800. ஓரளவு ஒழுங்காக ஓடும் ஃபர்னஸ் ஒரு டன் இரும்பை உருக்க 600 முதல் 700 யூனிட் எடுக்கும். 650 என்று வகுத்தால் சுமார் 44 டன் உருகிய இரும்பு. ரன்னர் (இரும்பு ஓடும் வழி), ரைசர் (சுருக்கத்துக்கு ஈடாக நிற்கும் கூடுதல் இரும்பு) போக 60 சதவீதம் வார்ப்பாக நிற்கும் என்றால் 26½ டன். அதில் 8 சதவீதம் ரிஜெக்ஷன் கழித்தால் நல்ல வார்ப்பு 24½ டன்.

அவர் சொன்னது 30. இந்த 5½ டன்னுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். யீல்டு (உருக்கியதில் வார்ப்பாக நிற்கும் பங்கு) 70 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னால் பேட்டர்ன் பிளேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தட்டையான கனமான கவுண்டர்வெயிட் என்றால் நம்பலாம், மெல்லிய பம்ப் பாடி என்றால் நம்ப முடியாது. பில் போடாமல் விற்றது என்று சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பில் இல்லாத விற்பனைக்கு விலை கொடுத்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் வரிப் பிரச்சினையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

டன்னுக்கு 750 யூனிட்டுக்கு மேல் போகிறது என்றால் எங்கோ நேரம் போகிறது. பெரும்பாலும் உருகிய இரும்பு மணல் அச்சுப் பெட்டிக்காகக் காத்திருக்கும். மோல்டிங் பின்தங்கி, ஃபர்னஸ் சும்மா சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். இது வாங்குகிறவருக்கு நல்ல செய்தி. ஆட்களை ஒழுங்குபடுத்தினாலே சரியாகிற குறை இது.

நவம்பர் ஹீட் புத்தகம்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பவுண்டரியின் உண்மை முகம் ஜூனிலும் நவம்பரிலும்தான் தெரியும். மார்ச் மாதக் கணக்கைக் காட்டி ரிஜெக்ஷன் 4 சதவீதம் என்பார்கள். நவம்பர் ஹீட் புத்தகத்தை (ஒவ்வொரு உருக்கலையும் எழுதும் பதிவேடு) கேளுங்கள். ஈரக்காற்றில் சிலிகேட் கோர் (வார்ப்பின் உள்குழிக்கு வைக்கும் மணல் அச்சு) ஈரம் இழுக்கும், புளோஹோல் (வாயுக் குழி) வரும். மணல் மழைச்சாரலில் நனைந்தால் மில்காரர் தண்ணீரைக் குறைக்க மாட்டார், பழக்கத்தில் அதே அளவு ஊற்றுவார். துருப்பிடித்த ஈர ஸ்கிராப் ஃபர்னஸில் விழுந்தால் வார்ப்பு கெடுவது இருக்கட்டும், உருகிய இரும்பே வெடித்துத் தெறிக்கும்.

ரிஜெக்ஷனை மூன்று இடத்தில் எண்ண வேண்டும்: பெட்டி உடைக்கும் இடத்தில், ஃபெட்லிங்கில் (வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இடம்), கஸ்டமரின் மெஷின் ஷாப்பில். மூன்றாவதுதான் பெரும்பாலும் மறைக்கப்படும். கஸ்டமரிடமிருந்து வந்த டெபிட் நோட்டுகளை 12 மாதத்துக்கு வாங்கி, திரும்பி வந்த எடையைக் கூட்டுங்கள். ஹீட் புத்தகமே இல்லை என்றால், அங்கே என்ன ஊற்றப்படுகிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பிடி அழுத்தி, நடுவில் ஒடியுங்கள். ஒடிந்த விளிம்பு கூராக நிற்க வேண்டும், விரல் ரேகை பதிய வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் பெண்டோனைட் (மணலைப் பிணைக்கும் களிமண்) செத்துவிட்டது. லேபில் பார்த்தால் ஈரம் 3 முதல் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு உடைந்த ரைசர் ஒன்றைப் பாருங்கள். கிரே அயர்ன் என்றால் முறிவு முழுக்கச் சாம்பல் நிறம். மெல்லிய ஓரத்தில் வெள்ளிபோல் பளபளத்தால் சில் விழுகிறது (ஓரம் வெள்ளை இரும்பாகக் கெட்டிப்படுகிறது), இனாகுலேஷன் (அதைத் தடுக்க ஊற்றும் முன் சேர்க்கும் பொருள்) ஒழுங்காக இல்லை. எஸ்.ஜி. அயர்ன் என்று சொல்லி விற்றால் வார்ப்பைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். எஸ்.ஜி. மணிபோல் நீளமாக ஒலிக்கும், கிரே அயர்ன் சட்டென்று அடங்கும். மெக்னீசியம் 0.035 முதல் 0.05 சதவீதம் வரை நிற்கிறதா என்பதை ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் சரிபாருங்கள். மெக்னீசியம் ட்ரீட்மெண்ட் முடிந்து பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். அங்கே கடைசிப் பெட்டி எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபர்னஸ் அருகே போகும்போது இரண்டே விஷயம் கவனியுங்கள். லைனிங் (உலையின் உள்பூச்சு) கெட்டால் எச்சரிக்கும் எர்த் லீக்கேஜ் மீட்டர் வேலை செய்கிறதா, கழற்றி வைத்திருக்கிறார்களா? ஃபர்னஸுக்குக் கீழே உள்ள குழி உலர்ந்து இருக்கிறதா? லைனிங் ஓட்டையானால் முழு ஃபர்னஸ் இரும்பும் அந்தக் குழியில்தான் விழ வேண்டும். வயலை ஒட்டியோ கடலை ஒட்டியோ உள்ள இடங்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியில் ஊறும். உருகிய இரும்பு தண்ணீர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று பவுண்டரிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் பேனலைத் திறந்து பஸ்பாரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்று தைரிஸ்டர் கார்டுகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பேட்டர்ன் யாருடையது

பேட்டர்ன் அறையில் 300 பேட்டர்ன் அடுக்கியிருக்கும். அதில் பாதிக்கு மேல் கஸ்டமரின் சொத்தாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் டேக் கட்டி, படம் எடுத்து, யாருடையது, கடைசியாக எந்த மாதம் ஊற்றப்பட்டது என்று பதிவேடு எழுதுங்கள். இரண்டு வருடமாக ஊற்றாத பேட்டர்னுக்கு விலை பூஜ்யம். கஸ்டமருடைய பேட்டர்ன் என்றால், உரிமையாளர் மாறினாலும் இங்கேயே இருக்கட்டும் என்று அவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பேட்டர்ன் ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டினால் ஆர்டரும் கூடவே போகும்.

மர பேட்டர்ன் மேல் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இரண்டு மழையில் மரம் முறுக்கிக்கொள்ளும். சுருக்க அளவையும் ஒரு தடவை அளக்கலாம்: வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர், அலுமினியத்துக்கு சுமார் 13.

ஆட்கள்

22 பேரில் மூன்று பேர் முக்கியம்: ஹீட் பார்க்கிறவர், கோர் போடுகிறவர், பெரிய பெட்டி கட்டுகிற மோல்டர். இவர்கள் மூவரும் நின்றுவிட்டால் நீங்கள் வாங்கியது கொட்டகையும் இரும்பும்தான். ஒப்பந்தம் போடும் முன்பே, உரிமையாளரையும் வைத்துக்கொண்டு அவர்களிடம் நேரில் பேசுங்கள். ரகசியமாக வைத்தால் டீக்கடையில் வேறு மாதிரியாகப் பரவும். "அண்ணாச்சி, கம்பெனியை வித்தாச்சாமே" என்று கேட்கிற நாளில் பாதிப் பேர் வேறு வேலை தேடியிருப்பார்கள்.

கிராஜுவிட்டியைக் கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். கடைசிச் சம்பளம் 18,000 ரூபாய், 12 வருட சர்வீஸ் என்றால் 18,000 × 15 ÷ 26 × 12, அதாவது 1,24,615 ரூபாய். ஒருவருக்கே இவ்வளவு. பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் இது எழுதப்பட்டிருக்காது. சர்வீஸ் துண்டிக்கப்படாமல், சம்பளமும் சலுகையும் குறையாமல் எடுத்துக்கொண்டால் பழைய சர்வீஸ் முழுவதும் உங்கள் பொறுப்பு. எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பழைய உரிமையாளர் நோட்டீஸும் இழப்பீடும் கொடுக்க வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கியும் கைமாறும் தேதி வரைக்கும் இருவர் தலையிலும் சேர்ந்து விழும். நீண்ட காலம் ஃபெட்லிங்கில் நின்றவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். மணல் தூசு நுரையீரலில் படிந்தவரை அதே கிரைண்டர் முன்னால் நிறுத்துவது தெரிந்தே செய்யும் கொடுமை.

காகிதங்கள்

எப்படி வாங்குவது என்பதற்கு மூன்று வழி. முதலாவது, உள்ளே நுழைவது: பிரைவேட் லிமிடெட் என்றால் பங்கை வாங்கலாம், பார்ட்னர்ஷிப் என்றால் பழையவர்கள் விலகி நீங்கள் உள்ளே வரலாம். இந்த இரண்டு வகையிலும் பழைய கடன், பழைய வரி, பழைய வழக்கு எல்லாம் உள்ளேயே இருக்கும். இரண்டாவது வழி, ஓடுகிற தொழிலை மொத்தமாக எடுப்பது. அப்படி மொத்தமாகக் கைமாற்றினால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. விற்பவரின் பாக்கி உள்ளீட்டு வரியையும் ஐ.டி.சி.-02 படிவத்தில், ஆடிட்டர் சான்றுடன், உங்கள் பேருக்கு மாற்றலாம். மூன்றாவது, மெஷினை மட்டும் தனித்தனியாக வாங்குவது. அதற்கு ஜி.எஸ்.டி. உண்டு. சின்ன பவுண்டரிக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஏற்றது.

ஆனால் ஜி.எஸ்.டி.யில் ஒரு கண்ணி இருக்கிறது. கைமாறும் நாள் வரைக்குமான வரி பாக்கிக்கு விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே பொறுப்பு. பவுண்டரியில் இது ஸ்கிராப்பில்தான் ஒளிந்திருக்கும். சரக்கே அனுப்பாமல் பில் மட்டும் கொடுக்கும் ஸ்கிராப் வியாபாரியிடம் வாங்கியிருந்தால், அவர் பதிவு ரத்தாகும் நாளில் உள்ளீட்டு வரி வட்டியோடு திரும்பக் கேட்கப்படும். மூன்று வருட ஸ்கிராப் பில்லில் உள்ள ஒவ்வொரு ஜி.எஸ்.டி. எண்ணையும் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள். லாரி எண், எடைச்சீட்டு, ஈ-வே பில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வாங்குகிறவரே வரி கட்ட வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு அது கட்டப்பட்டிருக்கிறதா என்று தனியாகச் சரிபாருங்கள்.

நிலம் சிட்கோ (மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனம்) மனை என்றால் சிட்கோவின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. தனியார் நிலம் என்றால் வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு. இங்கே இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுத்து எல்லையைச் சரிபாருங்கள். கொட்டகைக்குப் பின்னால் கொட்டி வைத்திருக்கும் பழைய மணல் யாருடைய நிலத்தில் கிடக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குளத்தங்கரையிலோ ஓடையிலோ கிடந்தால் அள்ளுகிற செலவும் புகாரும் உங்களுக்கு.

கோருக்குப் பூசும் சிர்க்கான் வாஷ் இருந்தால் அதன் பில்லைக் கேளுங்கள். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். எடுக்கும் சிர்க்கான் இருக்கும்போது, பில் இல்லாத கடற்கரை மணல் மூட்டை எதற்கும் நம் கொட்டகையில் இருக்கக் கூடாது. தனியார் கடற்கரைத் தாது மணல் அள்ளுவதற்கு மாநில அரசு 2013-ல் தடை போட்டது.

மெஷின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று செர்சாயில் (அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடு) தேடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் வாங்கிய மெஷின் என்றால் இத்தனை வருடம் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இடையில் விற்றால் திருப்பிக் கேட்பார்கள். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) கைமாறாது, உங்கள் பான் எண்ணோடு சேர்ந்துதான் கணக்காகும். 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழில் வரம்பு 2.5 கோடி முதலீடு, 10 கோடி விற்றுமுதல். இரண்டு பவுண்டரியும் சேர்ந்து அதைத் தாண்டினால் நீங்கள் சிறுதொழில் ஆகிவிடுவீர்கள்.

விலை

நம் உதாரணத்தில் கணக்குப் புத்தக லாபம் 18 லட்சம். சொந்தக் கட்டடத்துக்கு வாடகை எழுதவில்லை: மாதம் 40,000 என்றால் 4.8 லட்சம். உரிமையாளரே ஹீட் பார்க்கிறார், சம்பளம் எடுப்பதில்லை: அவர் இடத்துக்கு ஆள் வைத்தால் மாதம் 35,000, வருடம் 4.2 லட்சம். மிச்சம் 9 லட்சம். சின்ன பவுண்டரிக்கு இந்தத் திருத்திய லாபத்தின் மூன்று மடங்குக்கு மேல் போகாதீர்கள். அதாவது 27 லட்சம், நிலம் நீங்கலாக. மெஷின்களின் இன்றைய விலை இதைவிட அதிகம் என்றால் அதைக் கொடுங்கள். இரண்டையும் கூட்டிக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த மெஷின்தான் அந்த லாபத்தைச் சம்பாதித்தது. ஸ்கிராப், ரிட்டர்ன்ஸ் (திரும்ப உருக்கும் ரன்னர், ரைசர்), முடிந்த வார்ப்பு எல்லாவற்றையும் கைமாறும் நாளில் எடை போட்டுத் தனியாகத் தீருங்கள். கிராஜுவிட்டி, மணல் அள்ளும் கூலி, அடுத்த லைனிங் இவற்றைக் கழியுங்கள்.

விலையில் தவறுவது சின்ன ஆளுக்கு மட்டும் நடப்பதில்லை. வார்ப்புக் கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி வளர்ந்த அமெரிக்காவின் பிரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸை 2016-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் வாங்கியது. 2020-ல் விமானத் தொழில் படுத்ததும் அதன் மதிப்பில் சுமார் 980 கோடி டாலரைக் கணக்கில் குறைக்க வேண்டி வந்தது. அதிக விலை கொடுத்துவிட்டேன் என்று பஃபெட்டே பங்குதாரர்களுக்கு எழுதினார். நல்ல கம்பெனிதான். வருங்கால லாபத்தை எண்ணியதில்தான் பிழை.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். கைமாறும் நாளில் 60 சதவீதம், ஆறு மாதத்தில் 25, மிச்சம் 15. பழைய பாக்கி ஏதாவது முளைத்தால் அந்தக் கடைசித் தவணையில் கழிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்றவர் இதே தொழிலை இன்ன எல்லைக்குள், இன்ன வருடத்துக்குச் செய்யக் கூடாது என்பதையும் எழுதலாம். நற்பெயரோடு சேர்த்துத் தொழிலை விற்கும்போது இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை இந்திய ஒப்பந்தச் சட்டம் ஏற்கிறது, எல்லையும் காலமும் நியாயமாக இருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம் பாதுகாப்பு தவிர எதையும் மாற்றாதீர்கள். எர்த் லீக்கேஜ், குழி, செயின் பிளாக், கரண்ட் போனால் ஓடும் குளிர்விப்புத் தண்ணீர் லைன் இவற்றை முதல் வாரத்திலேயே சரிசெய்துவிடுங்கள். மணல் கலவையும் சார்ஜும் (உலையில் போடும் பொருள்களின் அளவு) பழையபடியே இருக்கட்டும். உங்கள் பவுண்டரியில் ஓடுகிறது என்பதற்காக அங்கே அதே பெண்டோனைட் அளவைப் போட்டால், அவர்கள் பெட்டி அளவுக்கும் மோல்டர் கைக்கும் அது ஒத்துவராது. ரிஜெக்ஷன் ஏறினால் எதனால் ஏறியது என்று தெரியாமல் போகும்.

இரண்டாவது மாதம் ஸ்கிராப்பும் பிக் அயர்னும் சேர்த்து வாங்கத் தொடங்குங்கள். லாபம் முதலில் தெரிவது இங்கேதான், முழு லாரி லோடாக வாங்கலாம். கூடவே இரண்டு இடத்துக்கும் ஒரே கெமிஸ்ட்ரி அட்டை எழுதுங்கள். மாங்கனீஸ் அளவு கந்தகத்தைப் போல் 1.7 மடங்கும் அதோடு 0.3 சதவீதமும் இருக்க வேண்டும் என்கிற கணக்கு இரண்டு ஃபர்னஸிலும் எழுதித் தொங்கட்டும்.

மூன்றாவது மாதம்தான் பேட்டர்ன் மாற்றம். ஒரு பேட்டர்னை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் முன் நான்கு வாரத் தேவைக்கு வார்ப்பு ஊற்றிக் கஸ்டமர் கையில் வையுங்கள். பிறகு புது இடத்தில் ஐந்து பெட்டி ஊற்றி, மிகக் கனமான இடத்தில் குறுக்கே அறுத்துச் சுருக்கக் குழி இருக்கிறதா பாருங்கள். பெட்டி உயரம் 50 மில்லிமீட்டர் குறைந்தாலே ரைசர் பத்தாமல் போகும். கஸ்டமர் சாம்பிளை ஏற்ற கடிதம் வந்த பிறகே பழைய இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்த பவுண்டரியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், இந்தப் பவுண்டரியில் உங்கள் கையில் எழுதிய ஒரு ஜூன் பக்கமும் ஒரு நவம்பர் பக்கமும் ஹீட் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்றவருக்குத் தர வேண்டிய கடைசி 15 சதவீதத்துக்கும் அதே கணக்குதான். கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து மாதம் எண்ண வேண்டாம், இரண்டு மழையும் கடந்து டிசம்பர் முடிந்ததும் கொடுங்கள்.